ஏழாம் நம்பர் டேப்பில் கேட்கும் குரல்

‘சர்வீஸ் லைனில் முனகல். காரணம் தெரியவில்லை. தானே சரியாயிற்று.’

ஆகஸ்டு மாதம் ஒரு வியாழக்கிழமை, முற்பகல் 11.40க்கு, நிலையத்தின் பழுதுப் பதிவேட்டில் நான் எழுதிய குறிப்பு இது. அந்தப் பதிவேடு இன்று எந்தக் கிடங்கில் இருக்கிறதோ தெரியாது. என்னிடம் இருப்பது அன்று மாலையே என் டைரியில் எடுத்து வைத்த நகல். ஆண்டைச் சொல்ல மாட்டேன். சொன்னால், அப்போது மேலே யார் யார் இருந்தார்கள் என்று எங்கள் ஓய்வூதியர்கள் விரல்விட்டு எண்ணிவிடுவார்கள்.

அந்த நிலையத்துக் கட்டடத்தைப் போன மாதம் இடித்துவிட்டார்கள். சாலையை அகலப்படுத்துகிறார்கள். இப்போது ஃபைபர் கேபிளில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் அதைப் படம் எடுத்து எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டு, “அண்ணா, இதுக்குள்ள உக்காந்துகிட்டு என்னதான் பண்ணீங்க?” என்று என்னைக் கேட்டார். குழுவிலேயே பதில் எழுதத் தொடங்கினேன். மூன்றாவது திரை தாண்டியதும் என் மனைவி வசந்தா, “கட்டுரையா எழுதுங்க, பாவம் அந்தப் பையனோட போனு” என்றாள்.

என்ன செய்தோம் என்பது சுலபம். சேலத்திலிருந்து பெங்களூருக்கு ஒருவர் பேசினால் அந்தக் குரல் கம்பியில் போகப் போகத் தேய்ந்துவிடும். தருமபுரிக்கும் தொப்பூருக்கும் நடுவே, நெடுஞ்சாலை ஓரம் இருந்த எங்கள் நிலையம் அதைப் பிடித்து, பெரிதாக்கி, மேலே தள்ளிவிடும். பெரிதாக்குவது வால்வு. கண்ணாடிக் குடுவைக்குள் சிவந்து எரியும் சின்னக் கம்பி. உயரமான இரும்புச் சட்டங்களில் வரிசை வரிசையாக அவை எரிந்துகொண்டிருக்கும். வெளியே லாரிகள் ஏற்றத்துக்கு மூச்சு வாங்க, உள்ளே நாங்கள் ஊரார் பேச்சுக்கு உரம் போட்டுக்கொண்டிருந்தோம். இதற்கு எனக்குக் கொடுத்த பயிற்சி பதினொரு மாதம். அதில் கற்றதைவிட, முதல் பதினொரு நாளில் மாதையன் சாரைப் பார்த்துத் தெரிந்துகொண்டது அதிகம்.

மாதையன் சார் நிலையத்தின் பொறுப்பதிகாரி. மொரப்பூர்ப் பக்கம் வேளாண்மைக் குடும்பம். என்னைவிட எட்டு வயது மூத்தவர். அதட்டிப் பேசிக் கேட்டதில்லை. தப்பு செய்தவனைப் பார்த்து, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, திரும்ப மூடிப் பையில் வைப்பார். அவ்வளவுதான். அந்த ‘டிக்’ ஓசைக்கு நாங்கள் பயந்ததுபோல் எந்த மெமோவுக்கும் பயந்ததில்லை.

காலை சரியாகப் பத்து மணிக்கு அவர் அளவெடுக்கத் தொடங்குவார். ஸ்டூலை இழுத்துப் போட்டு, மஞ்சள் துணியால் கையைத் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு வால்வாக மீட்டர் வைத்துப் பார்ப்பார். பிறகு பென்சிலின் ரப்பர் நுனியால் கண்ணாடியை லேசாக ஒரு தட்டு. நல்ல வால்வு ‘டொக்’ என்று வாயை மூடிக்கொள்ளும். கெட்டது, வெண்கலச் செம்பைத் தட்டினாற்போல் நீளமாக ரீங்கரிக்கும். புது வால்வு மாட்டினால் அரைமணி நேரம் யாரும் அதைப் பற்றி அபிப்பிராயம் சொல்லக் கூடாது. “சூடு ஏறட்டும்ப்பா. எழுந்திரிச்ச ஒடனே மனுசனையே கேள்வி கேக்கக் கூடாது, அது கண்ணாடி” என்பார். அவர் அளவெடுத்து முடிக்கும்வரை வேறு ஆள் கருவியில் கை வைக்கக் கூடாது என்பது சட்டம்.

இன்னொரு சட்டம், பதிவேட்டுக்கு. நீ கண்டது, நீ கேட்டது, இரண்டை மட்டும் எழுது. மற்றதை எழுதியே தீர வேண்டுமென்றால் பக்கத்தில் ‘உறுதி செய்யப்படவில்லை’ என்று சேர். எனக்குத் தேதியும் நேரமும் போட்டு எழுதும் வியாதி ஏற்கெனவே உண்டு. அதற்கு அவர் வைத்தியம் பார்க்கவில்லை, தீனி போட்டார்.

இனி அந்த முனகல்.

சர்வீஸ் லைன் என்பது நிலையத்து ஆட்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள இருந்த தனிக் கம்பி. அந்த வாரம் திங்கட்கிழமை, பெங்களூர்ப் பக்கத்து நிலையக்காரர் அதில் கூப்பிட்டார். வீட்டில் கன்னடம் பேசுகிறவர்.

“ஏன் சார், உங்க ஸ்டேஷன்ல யாரு அளுத்தாரே? தினமும் காலையில பத்து மணிக்கு சரியா?”

சேலம் பக்கத்து ஆள் குறுக்கே புகுந்தார். “அளுவலைங்க. எருமை. கன்னுக்குட்டியத் தேடுது.”

நான் விழுந்து விழுந்து தேடினேன். பத்தரைக்கு மாதையன் சார் முடித்ததும் நான் ஆரம்பிப்பேன். எல்லா வால்வையும் தட்டினேன். இரண்டை மாற்றினேன். இணைப்புகளைத் துடைத்தேன். நான் தேடும்போதெல்லாம் லைன் சுத்தமாக இருக்கும். மறுநாள் காலை பத்துக்கு மறுபடி எருமை. இதற்கு நடுவே அடுத்த திங்களன்று பெரிய அதிகாரியின் ஆய்வு என்று ஓலை வந்துவிட்டது. அவர் வந்ததும் முதலில் புரட்டுவது பழுதுப் பதிவேட்டைத்தான். மாதையன் சாரின் பதவி உயர்வு அவர் மேசையில் இருந்தது.

வியாழக்கிழமை நான் சட்டத்தை மீறினேன். பின்னறையில் சர்வீஸ் லைனுக்கு இன்னொரு ஹெட்செட் உண்டு. பத்து மணிக்கு அதைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். 10.04க்கு எருமை வந்தது. கேட்டுக்கொண்டே எழுந்து, ஹெட்செட் ஒயர் எட்டியவரை நடந்து, கதவைத் தள்ளிப் பார்த்தேன்.

மாதையன் சார் ஸ்டூலில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். யாராவது கூப்பிட்டால் கேட்கட்டும் என்று ஹெட்செட்டைக் கழுத்தில் துண்டுபோல் மாட்டியிருந்தார். அதன் மைக் தொண்டைக்கு நேரே. ஒரு கையில் மீட்டர் முனை, ஒரு கையில் பென்சில். வாயை மூடிக்கொண்டு, மூக்கால், ஏறி இறங்கி, நின்று, மறுபடி பாய்ந்து, என்னவோ பாடிக்கொண்டிருந்தார். சேலம் முதல் பெங்களூர்வரை நேரடி ஒலிபரப்பு.

கதவை ஓசையில்லாமல் சாத்திவிட்டு வந்தேன். ஒன்றரை மணி நேரம் யோசித்து, மேலே சொன்ன மூன்று வாக்கியங்களை எழுதினேன்.

மாலையில் அவர் பதிவேட்டைப் படித்தார். பேனாவை எடுத்தார். ‘டிக்’. பிறகு என்னைப் பார்த்தார்.

“கதவு தொறந்தா காத்து வரும்ப்பா. முதுகுல பட்டுச்சு.”

அவர் என் குறிப்பின் மேல் விரலை வைத்தார்.

“மூணு வரி. ரெண்டு பொய். அதக்கூட விட்டுரலாம். முதல் வரிதான் மனசுக்குக் கஷ்டமா இருக்குது. நல்ல ட்ரம்பெட் வாசிப்ப முனகல்னு எழுதிட்டியே!”

என் குறிப்புக்குக் கீழே சிவப்பு மையில் ‘உறுதி செய்யப்படவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். திங்களன்று ஆய்வுக்கு வந்தவரிடம், அவர் புரட்டுவதற்கு முன்பே, “சார், அந்த எருமை நான்தான்” என்று சொல்லியும்விட்டார். அதிகாரி சிரித்ததாகக் கேள்வி. பதவி உயர்வு ஒரு வருடம் தள்ளிப்போனது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்பது எனக்குத் தெரியாது.

ஆய்வுக்கு முந்தின சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு என்னைத் தன் வீட்டுக்கு வரச் சொன்னார். “நீ எத எருமைன்னு தேடினியோ, அத வந்து கேளு.”

முன்னறையில் ஒரு மேசை. அதன் மேல் மூடி இல்லாத ஓர் இரும்புப் பெட்டி. மேலே ஐந்து வால்வுகள். பெங்களூரில் பழைய சாமான் தெருவில் பொறுக்கிய பாகங்களை வைத்து அவரே செய்த வால்வு செட். பக்கத்தில் ரெக்கார்டு தட்டு சுற்றும் பெட்டியும், ஸ்பூல் டேப் ரெக்கார்டரும். சுவிட்சைப் போட்டுவிட்டு அவர் உட்கார்ந்துவிட்டார். எனக்குப் புரிந்தது. சூடு ஏற வேண்டும்.

அந்த அரைமணிக்கு அவர் மனைவி பழனியம்மா அக்கா வறுத்த கடலையும் காப்பியும் வைத்தார்.

“ஏந்தம்பி, உங்களயும் புடிச்சுட்டாரா? தலைவிதிங்க. இந்தச் சூட்டுல வடகம் காயப் போட்டாலாச்சும் பிரயோசனம்.”

“அவன் மொதல்ல கேக்கட்டும், பழனீ.”

“கேக்கட்டும் கேக்கட்டும். ஆறு பேரு, ஆளுக்கொரு பாட்டு. ஒருத்தன் சொல்றத ஒருத்தன் கேக்கறதில்ல. எங்க மாமனாரு வூட்டுப் பங்காளிங்க நெலம் பிரிக்கயில இப்பிடித்தான் இருந்துச்சு.”

“கேக்காம ஒருத்தனும் வாசிக்கல. நல்லா காது குடு.”

ரெக்கார்டு சுற்றியது. ஜாஸ் என்று அதற்குப் பெயர் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். முதல் பத்து நிமிடம் எனக்கும் பங்காளிச் சண்டையாகத்தான் பட்டது. எங்கள் தொழிலில் ஒரு லைன் பேச்சு இன்னொரு லைனில் கசிவதைக் கிராஸ் டாக் என்போம். இது ஐந்தாறு லைன் ஒன்றாகக் கசிந்த கேஸ். எழுந்து பழுது பார்க்கக் கை பரபரத்தது. பிறகு ஒரு கட்டத்தில் ட்ரம்பெட் தனியாகக் கிளம்பியது. ஏறி, இறங்கி, நின்று, பாய்ந்தது. எருமை! நான்கு நாள் தேடிய அதே எருமை. தெரிந்த முகத்தைச் சந்தையில் பார்த்ததுபோல் சிரித்துவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு போனபோது மற்றவர்களும் தெரிந்தார்கள். ட்ரம்ஸ்காரர் குச்சிக்குப் பதில் கம்பித் துடைப்பம் போன்ற ஒன்றால் தேய்த்தது, முறத்தில் ராகி புடைக்கும் ஓசை. பெரிய பிடில், முதல் கியரில் தொப்பூர் ஏற்றம் ஏறும் லாரி. ட்ரம்பெட் நிறுத்தும் இடத்தை லாரி முன்கூட்டியே தெரிந்துவைத்திருந்தது. ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டுக்கொண்டேதான் எல்லோரும் பேசுகிறார்கள். அதே லைனில். யாரும் போனை வைக்க வேண்டியதில்லை.

இப்படி எத்தனை சனிக்கிழமை என்று டைரிகளில் எண்ணத் தொடங்கி, மூன்றாவது டைரியோடு நிறுத்திவிட்டேன். நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். ஜாஸ் பிறந்த நியூ ஆர்லியன்ஸ் வரைபடத்தில் எங்கே என்று பென்னாகரத்து டாக்டர் ஒருவரிடம் வாதாடியிருக்கிறேன். ஆனால் ரெக்கார்டுகள் மாதையன் சாரிடம் நிலைத்ததில்லை. பெங்களூரில் ஒரு பழைய ரெக்கார்டுக் கடைக்காரர் அவருக்கு மாற்றிக் கொடுப்பார். ஐந்தைக் கொண்டுபோனால் வேறு ஐந்து. அதனால் மாற்றுவதற்கு முன் ஒவ்வொன்றையும் டேப்பில் பதிந்துகொள்வார். டேப் டப்பாவின் மேல் சிவப்பு மையில் ரெக்கார்டின் எண், பதிந்த தேதி, அன்று செட்டில் இருந்த வால்வுகளின் வயது, எல்லாம் இருக்கும்.

ஒன்றைத் தவிர. செட்டிலிருந்து கம்பி போட்டு நேராகப் பதிந்தாரா, ஸ்பீக்கர் முன்னால் மைக் வைத்துப் பதிந்தாரா என்று ஒரு டப்பாவிலும் அவர் எழுதவில்லை. இது எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் உறைத்தது.

மாதையன் சார் மூன்று ஆண்டுகளுக்கு முன் தை மாதம் இறந்தார். காரியம் முடிந்த பத்தாம் நாள் அக்கா என்னைக் கூப்பிட்டு, “இந்த அடுப்பையும் டேப்புங்களயும் நீங்க எடுத்துட்டுப் போயிருங்க தம்பி. எனக்கு அத மூட்டத் தெரியாது” என்றார். வால்வு செட்டும், ரெக்கார்டரும், பதினான்கு டேப்பும் என் வீட்டு முன்னறைக்கு வந்தன.

என் மருமகன் போனிலேயே இந்தப் பாட்டெல்லாம் இன்னும் தெளிவாகக் கேட்கிறது என்பான். உண்மைதான். வால்வும் தன் பங்குக்கு ஒலியில் கொஞ்சம் பிழை சேர்க்கத்தான் செய்கிறது. அந்தப் பிழை காதுக்குப் பிடித்துப்போனால் என்ன செய்வது? தவிர, போனில் பாட்டு உடனே வந்துவிடுகிறது. கடலை தின்ன அரைமணி கிடைப்பதில்லை.

போன மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, ஏழாம் நம்பர் டேப்பை முதல்முறையாகப் போட்டேன். பியானோ, பெரிய பிடில், ட்ரம்ஸ். மூன்றே பேர். பாதியில் ஒரு முனகல் கேட்டது.

பழுது என்றே நினைத்தேன். வேறெப்படி நினைப்பேன்? வாழ்நாள் முழுக்க லைனிலிருந்து இரைச்சலைப் பொறுக்கி எறிந்தவன். மஞ்சள் துணி, மீட்டர், ரப்பர் வைத்த பென்சில் எல்லாவற்றையும் எடுத்தேன். ஐந்து வால்வையும் தட்டினேன். டொக், டொக். இரண்டை மாற்றிப் போட்டேன். ரெக்கார்டரில் டேப் உரசிப் போகும் தலையைத் துடைத்தேன். மூன்று நாள்.

“செத்தும் அந்த மனுசன் உங்ககிட்ட வேல வாங்குறாரு பாருங்க” என்றாள் வசந்தா.

வெள்ளிக்கிழமை, முற்பகல் 10.20. பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும்போது ஒன்று பிடிபட்டது. முனகல் பியானோவின் ராகத்திலேயே போகிறது. சில இடங்களில் பியானோவுக்கு ஒரு மயிரிழை முன்னால் போகிறது. எந்த வால்வுக்கும் அடுத்த சுரம் தெரியாது. இது மனிதத் தொண்டை.

பியானோக்காரர்கள் சிலர் வாசிக்கும்போது தம்மை அறியாமல் பாடுவார்கள் என்று படித்திருக்கிறேன். அதுதான் என்று முடிவு கட்டி, டேப்பை நிறுத்தப் போனேன். அப்போது, நான் அதுவரை போய்ச் சேராத கடைசிப் பகுதியில், ட்ரம்ஸ்காரர் ராகி புடைத்துக்கொண்டிருக்கும்போது, ஒரு பிரஷர் குக்கர் நீளமாக விசில் அடித்தது.

எந்த நாட்டு ஸ்டுடியோவிலும் ஜாஸ் வாசிக்கும்போது குக்கர் வைக்க மாட்டார்கள். ஆக, அந்த டேப் மைக் வைத்துப் பதிந்தது. மைக் இருந்த அறையில் மாதையன் சாரும் இருந்திருக்கிறார். அவர் பாட்டுக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கக்கூடியவரா?

ஞாயிறு காலை பத்து மணிக்கு அக்காவை அழைத்துவந்தேன். எதையும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சாட்சியைத் தயார்ப்படுத்தக் கூடாது. வால்வு சூடேற அரைமணி ஆனது. வசந்தா கடலை வைத்தாள்.

“இன்னுமா இத வெச்சுகிட்டு இருக்கீங்க? வடகம் போட்டீங்களா?” என்று கேட்டுக்கொண்டு அக்கா உட்கார்ந்தார்.

டேப் ஓடியது. முனகல் வந்த இடத்தில் அக்காவின் கை கடலைத் தட்டிலேயே நின்றது. கடைசியில் விசில் வந்தது.

“அட, என் குக்கரு!” என்று எழுந்தேவிட்டார். “ஒண்ணு… ரெண்டு… இப்ப பாருங்க, மூணாவதுக்கு எறக்குவேன்.”

மூன்றாவது விசில் அடித்தது. பிறகு அடிக்கவில்லை. அக்கா சிரித்து, முந்தானையால் கண்ணைத் துடைத்து, மறுபடி சிரித்தார்.

“இன்னொருக்கா போடுங்க. அந்த மொத எடம்.”

போட்டேன். நான்கு தடவை.

“தம்பி, அவுரு ஊரு உலகத்துக் கொரலெல்லாம் புடிச்சு அனுப்பிச்சாரு. அவுரு கொரலு எங்க வூட்ல ஒண்ணுல கூட இல்லைங்க. கல்யாணக் கேசட்டுல கூட வாயத் தொறக்கல. என் பையன் போன்ல எல்லாம் தேடிப் பாத்துட்டான்.” டேப்பைக் காட்டினார். “இது அவுருதானே?”

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். எனக்கு அந்தப் பதிவேடு ஞாபகம் வந்தது. தெரிந்ததைத் தெரிந்தபடி சொன்னேன். அறையில் அவர் இருந்தது சரி. பியானோக்காரரும் பாடக்கூடியவராக இருக்கலாம். கண்டுபிடிக்க ஒரே வழிதான். டப்பாவில் ரெக்கார்டு எண் இருக்கிறது. அதே ரெக்கார்டை வாங்கிப் போட்டுக் கேட்டால் தெரிந்துவிடும். அதிலும் குரல் இருந்தால் பியானோக்காரர். இல்லாவிட்டால் சார்.

“கெடைக்குமா?”

“தேடிப் பாக்கறேங்க்கா.”

பெங்களூர்க் கடையை இப்போது அந்தக் கடைக்காரரின் மகன் நடத்துகிறார். எண்ணைச் சொன்னேன். ஜூன் மாதம், ஒரு புதன்கிழமை, பகல் 1.15க்குப் பார்சல் வந்தது. அன்றைக்கே அக்காவுக்குப் போன் செய்தேன். சொல்லி முடித்ததும், பழக்க தோஷத்தில், லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

“தம்பி, நீங்க போட்டுக் கேட்டுக்கங்க. அவுரு இல்லன்னா எங்கிட்ட சொல்லாதீங்க.”

“சரிங்க்கா.”

“அவுருதான்னாலும் சொல்லாதீங்க.”

“அது எதுக்குங்க்கா?”

“அவுருன்னா மட்டும் சொல்லுவீங்கன்னா, நீங்க சொல்லாத அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சிருமில்ல? நாப்பது வருசம் ஒரு மீட்டருகாரரோட குடித்தனம் பண்ணியிருக்கேன், எனக்கு அந்தக் கணக்கு வராதா?”

அந்தக் கணக்கை நான் இன்னும் ஒரு படி போட்டுப் பார்த்தேன். நான் கேட்டுவிட்டால், வாயை மூடிக்கொண்டிருந்தாலும் என் முகத்தை அக்கா படித்துவிடுவார். அவர் இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு காலை வருகிறார். சூடேறும்வரை வசந்தாவும் அவரும் உலகத்துப் பங்காளிகளையெல்லாம் அலசுகிறார்கள். பிறகு ஏழாம் நம்பர் டேப். குரல் வரும் இடத்தில் இருவரும் பேச்சை நிறுத்துகிறார்கள். மூன்றாவது விசிலுக்கு அக்கா கையால் குக்கரை இறக்கிக் காட்டுகிறார். “மத்ததெல்லாம் டப்பா சத்தந்தான்” என்று சொல்லாமல் கிளம்புவதில்லை.

வீட்டிலும் நான் ஒரு பதிவேடு வைத்திருக்கிறேன். அதில் இந்தச் செட்டைப் பற்றிய கடைசிக் குறிப்பை இங்கே அப்படியே தருகிறேன். முனகல் என்ற சொல்லை இந்த முறை எழுதவில்லை.

‘டேப் எண் 7. வால்வுகள் ஐந்தும் நலம். குக்கர்: பழனியம்மா அக்காவுடையது, அவரே அடையாளம் காட்டினார். பெங்களூரிலிருந்து வந்த ரெக்கார்டு அலமாரியின் மேல்தட்டில், பார்சல் பிரிக்காமல் இருக்கிறது. டேப்பில் பாடுபவர் மாதையன் சார். உறுதி செய்யப்படவில்லை.’